யானைக்கு எதற்குப் பொலித்தீன்?

மட்டக்களப்புக் கோட்டையில் தொடங்கிப் பொத்துவில், உகந்தை வழியாகக் குமண தேசியப் பூங்கா வரை ஒரே நாளில் போய்வரும் கரையோரப் பயணத்தில், பழமையையும் வனவிலங்குகளையும்விட அதிகமாகக் கண்ணில் படுவது சோறு சுற்றும் பொலித்தீன் தாள்களான லஞ்ச் சீற்றுகள்தான் என்பதை இனியும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 1628 இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்தே ஆண்டுகளில் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையின் கொத்தளத்தில் சோடாப் போத்தல்கள். பாடும் மீன்களுக்குப் பேர்போன வாவியிலும் சொப்பிங் பைகள். உகந்தை முருகனைக் கும்பிட்ட கை, வான் வண்டியில் ஏறியதும் சோற்றுப் பார்சலை யன்னலால் வீசுகிறது. அந்தக் கைக்கு நடுக்கமே இல்லையா? லாகுகல வீதியோரத்தில் நிற்கும் யானைக்குப் பழத்தைப் பையோடு எறிகிறார்கள், பெரியவர்களே எறிகிறார்கள், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். இதே அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்ற யானைகள் செத்து விழுந்ததை 2022 இல் உலகச் செய்தி நிறுவனங்கள் எல்லாம் எழுதினவே, நம்மவர் ஒருவர்கூட அதைப் படிக்கவில்லையா? தண்ணீர்ப் போத்தலை நிறைத்துக் கொண்டுவர இடமிருந்த வானில், வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டுபோக மட்டும் எப்படி இடமில்லாமல் போகிறது?