நூலேணியை நூலிலேயே கட்டுங்கள்

கட்டி சார்க் (Cutty Sark) என்ற பாய்மரக் கப்பலை 1/96 அளவில் ஒட்டிச் செய்யும் பழைய பிளாஸ்டிக் மாதிரிக் கிட்டில் பாய்களை நீக்கினாலே பாதி அழகு வந்துவிடும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். வாக்யூம் ஃபார்மிங்கில் (சூடாக்கிய பிளாஸ்டிக் தாளை அச்சின்மேல் உறிஞ்சிப் படியவைக்கும் முறையில்) செய்த அந்தப் பாய்கள் எப்போதும் பொம்மைத்தனமாகவே தெரியும். ஆனால் என்னைக் கேட்டால் முதலில் மாற்ற வேண்டியது நூலேணிகளைத்தான், அதாவது மாலுமிகள் பாய்மரத்தில் ஏறும் கயிற்று ஏணிகளை. கிட்டோடு வரும் பிளாஸ்டிக் பூசிய ஏணிகள் தடிமனாக இருக்கும், நாளாக ஆக விறைத்து வளைந்தும் போகும். நான் பருத்தி நூலில் ஒவ்வொரு படியாக கிளவ் ஹிட்ச் என்ற இரட்டைச் சுற்று முடிச்சுப் போட்டுக் கட்டினேன். நிஜக் கப்பலில் படிக்குப் படி சுமார் 38 செ.மீ. என்று வைத்தால், இந்த அளவில் 4 மி.மீ. வரும். கோடு போட்ட தாளைப் பின்னால் ஒட்டிக்கொண்டால் கை தானாகப் பழகிவிடும். மாதக்கணக்கில் ஆகும், ஆனாலும் அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும்!

அதற்கு முன் பாய்மரங்களுக்குள் பித்தளைக் கம்பி செருகிவிடுங்கள். நூலை இழுத்துக் கட்டும்போது வெறும் பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

அப்புறம் வண்ணம். கப்பலின் அடிப்பகுதிக்குப் பளபளப்பான செம்பு நிறம் வேண்டாம். 1869-இல் கடலில் இறங்கிய கட்டி சார்க்குக்குப் போர்த்தியது மன்ட்ஸ் உலோகம். அதில் சுமார் 60% செம்பு, மீதி துத்தநாகம். அதனால் சற்று மஞ்சள் கலந்தால்தான் பொருந்தும்.