ஒரு மணித்தியாலம் இருபது நிமிடம்

சென்னையில் செத்துப்போன சித்தியின் செத்தவீட்டுக்குக் கொழும்பிலிருந்து நாங்கள் போகவில்லை என்று, அஞ்சலிப் பதிவுக்குக் கீழே கனடா மாமா எழுதினதை நீங்கள் எல்லாரும் வாசித்திருப்பீர்கள். "கொழும்பு-சென்னை ஒரு மணித்தியாலம் இருபது நிமிசம். மனமிருந்தால் வந்திருப்பியள்." ரெண்டு நாளாகப் பேசாமல் இருந்து பார்த்தேன். ஏலவில்லை.

மாமா, அது பிளேனுடைய நேரம். எங்களுடைய நேரமில்லை.

கொழும்புக்கான கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து சென்னையின் மீனம்பாக்கம் விமான நிலையம் நேர்கோட்டில் ஏறக்குறைய 650 கிலோமீற்றர். ரிக்கெற்றில் போடுகிற நேரம், விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும்வரைதான். வெள்ளவத்தையில் எங்களுடைய வீட்டிலிருந்து காலி வீதி நெரிசலைத் தாண்டி அதிவேகப் பாதையைப் பிடிக்கிற நேரம் அதில் இல்லை. மூன்று மணித்தியாலம் முன்னாலேயே போய் நிற்கிறது இல்லை. இறங்கின பிறகு குடிவரவு வரிசை இல்லை, வளசரவாக்கத்தில் சித்தி வீட்டுக்குப் போய்ச் சேருகிற நேரமும் இல்லை. படலைக்குப் படலை ஏழெட்டு மணித்தியாலம். நான் நாலு தரம் போய் வந்தவன்.

அதுவும் விசா கையில் இருந்தால். சித்தி போனது செவ்வாய் இரவு. புதன் பின்னேரம் எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு விசா வந்தது வெள்ளி காலை. யாரையும் குறை சொல்லவில்லை, அது எடுக்கிற நாளை எடுத்தது.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தால் போயிருக்கலாமே என்பீர்கள். பலாலி-சென்னை கிட்டத்தட்ட 355 கிலோமீற்றர், தூரம் பாதிதான். ஆனால் ஓடுவது காற்றாடி வைத்த சின்ன ஏடிஆர் விமானம், அதற்கும் ஏறக்குறைய அதே நேரம் பிடிக்கும். பலாலிக்குப் போக முதலில் கொழும்பிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர் இரவு பஸ். விசா அங்கேயும் வேணும். 2019 இல் அந்த விமானச் சேவையைத் தொடங்கினபோது சித்திதான் பெரிதாகச் சந்தோசப்பட்டவ, இனி நேரே ஊரிலேயே வந்து இறங்கலாம் என்று. 2020 மார்ச்சில் நின்றது. திரும்ப ஓடத் தொடங்கினது 2022 டிசம்பரில். அதற்குள் அவவுக்கு முழங்கால் ஏலாமல் போய்விட்டது.

காசைப் பார்த்திருப்போம் என்று நினைக்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

விசாவை முதலே எடுத்து வைத்திருக்கலாம் என்றால், அது சரி. தை மாதம் போய்ப் பத்து நாள் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தோம், அந்த விசா முடிந்துவிட்டது. உயிரோடு இருக்கிற தங்கச்சிக்குச் செத்தவீட்டு விசா எடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

புதன்கிழமை அம்மா வெள்ளைச் சேலை உடுத்துக் குசினி மேசையில் இருந்தா. போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தேன். வாய்க்கரிசி போடுகிற நேரம் பார்த்துப் படம் உறைந்துபோனது. சித்தப்பாவின் கை மட்டும் திரையில் அப்படியே நின்றது. அம்மா கையில் ஒரு பிடி அரிசி வைத்திருந்தா. தொடர்பு திரும்ப வரும்போது தூக்கிவிட்டார்கள். அந்த அரிசியை அவ பானைக்குள் போடவில்லை, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டா.

மாமா, அம்மம்மாவின் செத்தவீட்டுக்கு நீங்கள் வரவில்லை. ரொறன்ரோ தூரம், வேலை, பேப்பர் சரிவரவில்லை என்றீர்கள். நாங்கள் நம்பினோம். ஒருத்தரும் உங்களுடைய மணித்தியாலத்தை எண்ணவில்லை.

2006 இலிருந்து இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம். அதனால் சித்தி கணக்குப் பார்க்காமல் எங்களுடைய எட்டு மணிக்கே போன் எடுப்பா. இப்பவும் எட்டு மணியானால் அம்மா போனைச் சார்ஜிலிருந்து கழற்றி மடியில் வைத்திருக்கிறா. நீங்கள் எழுதினதை அவ இன்னும் காணவில்லை. அழித்துவிடுங்கள், மாமா.