ஆண் கடலைப் பெண் கடலாக்கும் கண்ணாடி

தனுஷ்கோடிக்குத் தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் பெண் கடல். முன்னது சீறும், பின்னது குளம் மாதிரி கிடக்கும். (வாடைக் காலத்தில் இது மாறிவிடும்.) கேமரா லென்ஸில் 10 ஸ்டாப் என்டி ஃபில்டரை, அதாவது வெளிச்சத்தை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியைத் திருகினால் இரண்டுக்கும் வித்தியாசமே இருக்காது. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, லென்ஸ் துளை எஃப்/16 என்றால் ஷட்டர் திறந்திருப்பது ஏறக்குறைய 1/100 நொடி. ஃபில்டர் போட்டதும் அது 10 நொடி. அதற்குள் வந்துபோன அலையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து பனிமூட்டம் போல் ஆகிவிடும். அதே கடலை 1/1000 நொடியில் எடுங்கள், துளித்துளியாகத் தெறித்து நிற்கும். இரண்டையும் மனிதக் கண் பார்த்ததில்லை. "உள்ளதை உள்ளபடி எடுத்தேன்" என்ற பேச்சை நான் ஏற்காததற்கு இதுவே போதும்.

நிற்கும் இடமும் அப்படித்தான். தனுஷ்கோடி நிலம் முடியும் அரிச்சல்முனையில் கரையோரம் நிற்பவரை 3 மீட்டரிலிருந்து, அகலமாகக் காட்டும் 24 எம்எம் லென்ஸில் எடுங்கள். பிறகு அவரிடமிருந்து 25 மீட்டர் தள்ளி நின்று, தூரத்தை இழுத்துக் காட்டும் 200 எம்எம் லென்ஸில் எடுங்கள். ஆள் இரண்டிலும் ஒரே உயரம். அவருக்கு 30 மீட்டர் பின்னால் எழும் அலை மட்டும் இரண்டாவதில் கிட்டத்தட்ட 5 மடங்கு பெரிதாகி, விழுங்க வருவது போல் நிற்கும். பலர் லென்ஸைக் காரணம் சொல்வார்கள். மாறியது நீங்கள் நின்ற தூரம்.

வெள்ளை மணலில், கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஏமாறும். எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்ப்பது அதன் வேலை. அதனால் மணல் அழுக்காக வரும், மீனவர் முகம் கரியாகும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 முதல் +1.7 வரை ஏற்றுங்கள். செல்போன் என்றால் முகத்தைத் தொட்டு, சூரியக் குறியை மேலே இழுங்கள். வெயில் அவர் முதுகில் விழட்டும், மணலே கீழிருந்து முகத்துக்கு வெளிச்சம் தரும். பியூட்டி மோடை மட்டும் கட்டாயம் அணைத்துவிடுங்கள். வெயிலிலும் உப்புக்காற்றிலும் உழைத்துக் கறுத்த தோலை வெளுத்துக் காட்டுவதைக் கற்பனை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது, அது அவமதிப்பு.

கற்பனைக்கு நான் எதிரி இல்லை. பவளப்பாறைக் கல்லால் கட்டிய தேவாலய இடிபாட்டை நடுப்பகலில் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, நீலத்தைக் குறைத்தால் வானம் கறுத்துப் புயல் வானமாகும். தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 டிசம்பர் 22 இரவை நினைத்து அப்படிச் செய்வது நியாயமான கற்பனை. கேமரா பதிந்த தகவலை முழுதாக வைத்திருக்கும் ரா ஃபைலில் செய்யுங்கள். வழக்கமான ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், அதிகம் இழுத்தால் வானம் பட்டை பட்டையாகப் பிரியும், சுவர் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும்.

எனக்கு உறுத்துவது வேறு. அந்தச் சுவரைச் சுற்றி சங்கு, சிப்பி விற்கும் கடைகள் இருக்கின்றன, மீனவர் குடிசைகள் இருக்கின்றன, வலை காய்கிறது. அவற்றையெல்லாம் ஃப்ரேமுக்கு வெளியே தள்ளிவிட்டு, கீழே "பேய் நகரம்" என்று எழுதுகிறார்கள். அங்கே அடுப்பெரிகிறது. கேமராவை இரண்டடி இடப்பக்கம் திருப்பினால் புகை தெரியும்.