பேப்பரும் பேனாவும் மட்டும் போதாது

"தியரிதானே, பேப்பரும் பேனாவும் இருந்தால் போதுமே!" கோட்பாட்டு இயற்பியலில் பிஎச்.டி. சேர்ந்த நாளிலிருந்து இதைக் கேட்காத வருடமே இல்லை. சொந்தக்காரர்கள் சொன்னால் சரி என்று விட்டுவிடலாம். நிதி ஒதுக்கும் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் இதையே சொல்லும்போதுதான் வயிறு எரிகிறது. ஆய்வகம் வேண்டாம், கருவி வேண்டாம், அதனால் தியரி மாணவருக்குச் செலவே கிடையாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எங்களுக்கு வேண்டியது ஆட்கள். கூட உட்கார்ந்து கணக்குப் போடவும், தப்பு என்றால் முகத்துக்கு நேரே சொல்லவும் ஆட்கள்.

நான் சேர்ந்த துறையில் தியரிக்கு ஒரே ஆசிரியர், ஒரே மாணவன். கைடு தங்கமான மனிதர், ஆனால் வகுப்பு, விடைத்தாள், நிர்வாகம் என்று அவருக்கு மூச்சு விட நேரமில்லை. துகள் இயற்பியலுக்கு அடிப்படையான குவாண்டம் புலக் கோட்பாட்டை ஒன்றரை வருடம் தனியாகப் படித்தேன். எல்லாம் புரிந்த மாதிரியே இருந்தது.

அப்புறம் செர்க் பள்ளிக்குப் போனேன். நாடு முழுவதும் உள்ள துகள் இயற்பியல் ஆய்வு மாணவர்களைச் சில வாரங்கள் ஒரே இடத்தில் தங்கவைத்துப் பாடம் நடத்தும் பள்ளி அது, 1980களிலிருந்து நடக்கிறது. காலையில் வகுப்பு, மதியம் ட்யூட்டோரியல். இரண்டாம் நாள் என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார்கள். துகள்கள் மோதிச் சிதறுவதைப் பற்றிய ஒரு கணக்கு, வீட்டில் பலமுறை போட்டுப் பார்த்ததுதான். அரை பலகை நிறைந்தபோது, குறைந்த ஆற்றலில் நிகழ்தகவு மைனஸில் வந்து நின்றது. அப்படி வரவே கூடாது. கை நடுங்கியது. சொல்லிக்கொடுக்க வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், வாயே திறக்கவில்லை. கால் மணி நேரம் கழித்து முன் வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டார்: "உங்க மெட்ரிக்ல நேரத்துக்குப் பிளஸ்ஸா, மைனஸ்ஸா?" மெட்ரிக் என்பது இடத்தையும் நேரத்தையும் சேர்த்து அளக்கும் விதி, அதில் நேரத்துக்கு எந்தக் குறி போடுவது என்பது புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். அப்போதுதான் உறைத்தது. ஒரு புத்தகத்தில் உந்தத்தின் வர்க்கம் பிளஸ் நிறையின் வர்க்கம், இன்னொன்றில் மைனஸ். பாதிக் கணக்கை இதிலிருந்தும் மீதியை அதிலிருந்தும் எடுத்திருக்கிறேன். ஒன்றரை வருடம் யாரும் பார்க்காததால் எனக்கே தெரியவில்லை. அன்று அந்தப் பலகை முன்னால் நின்ற ஒரு மணி நேரத்தில்தான் எனக்குப் படிப்பே ஆரம்பித்தது என்று சொல்வேன்.

இந்தத் தனிமை எவ்வளவு பெரியவரையும் விடாது. பாகிஸ்தானின் கோட்பாட்டு இயற்பியலாளர் அப்துஸ் சலாம் கேம்பிரிட்ஜில் பெயர் வாங்கிவிட்டு 1951-இல் லாகூருக்கு வேலைக்குத் திரும்பினார். பேசுவதற்கு ஒரு தியரிக்காரர்கூட அங்கே இல்லை. இயற்பியல் வேண்டுமா, நாடு வேண்டுமா என்ற நிலை. 1954-இல் மறுபடி கேம்பிரிட்ஜுக்கே போய்விட்டார். அந்த வலியை மறக்காமல் 1964-இல் இத்தாலியின் ட்ரியெஸ்ட் நகரில் கோட்பாட்டு இயற்பியல் மையத்தைத் தொடங்கி, வளரும் நாடுகளின் ஆய்வாளர்கள் அவ்வப்போது வந்து தங்கி வேலை செய்துவிட்டு ஊருக்கே திரும்பிப் போகிற மாதிரி ஒரு திட்டம் போட்டார். நோபல் பரிசு அவருக்கு 1979-இல்தான் கிடைத்தது. என்னைக் கேட்டால் ட்ரியெஸ்ட்தான் அவர் செய்த பெரிய காரியம்.

நம் ஊரிலேயே பாருங்கள். இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தன் வீட்டிலேயே மாணவர்களைக் கூட்டி வைத்து செமினார் நடத்தினார். 1960-இல், நோபல் பரிசு பெற்ற டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் சென்னைக்கு வந்தபோது அந்தக் குழுவைப் பார்த்து வியந்தார். 1962-இல் மேட்சயன்ஸ் பிறந்தது. இன்று தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம் அதுதான். ஒரு வீட்டுக் கூடத்தில் நாலு பேர் சேர்ந்து பேசியதில் முளைத்தது.

இப்போது இணையத்தில்தான் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1991 முதல் ஆர்க்கைவ் (arXiv) என்ற இணையக் களஞ்சியத்தில் ஆய்வுக் கட்டுரைகள் இலவசமாக வருகின்றன, பிரின்ஸ்டனில் படிக்கிறவரும் திருநெல்வேலியில் படிக்கிறவரும் ஒரே நாளில் பார்க்கலாம். ஆனால் எந்த வழியில் போய் முட்டிக்கொண்டு திரும்பினோம் என்று யாரும் கட்டுரையில் எழுதுவதில்லை. அது டீ குடிக்கும்போதுதான் வெளியே வரும்.

அடுத்தது போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி. முடித்தபின் சில வருடம் செய்யும் ஆய்வு வேலை. விண்ணப்பத்தோடு பெரும்பாலும் மூன்று பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். ஒரே ஆசிரியர் இருக்கும் துறையில் படித்த பிள்ளை மீதி இரண்டுக்கு யாரிடம் போய் நிற்கும்? அந்தப் பிள்ளையின் கணக்கை வேறு யாரும் பார்த்ததே இல்லையே. திறமை இல்லாமல் போனார்கள் என்று நாம் நினைக்கும் பலர் இந்த இடத்தில்தான் நின்றுபோனார்கள்.

பெரிய நிறுவனங்களில் இருக்கும் நண்பர்களிடம் கேட்கிறேன். ரயில் டிக்கெட்டும் ஒரு வாரத்துக்கு விடுதி அறையும் ஆகிற செலவுதான். பக்கத்து மாவட்டக் கல்லூரியிலிருந்து வருடத்துக்கு இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். பேச்சைக் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று பின் பெஞ்சில் உட்காரவைக்காதீர்கள், சாக்பீஸைக் கையில் கொடுங்கள். நான் வெள்ளிக்கிழமை மதியங்களை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். தனியாகப் படித்துக்கொண்டிருக்கும் தியரி மாணவர்கள் யாரையாவது தெரிந்தால் இந்தப் பதிவை அவர்களுக்கு அனுப்புங்கள். பாதியில் நிற்கும் கணக்கோடு வந்தால் போதும்.