டிரைவர் சீற்றைப் பற்றிக் கேட்டது குற்றமா?

டபுள் கப் பிக்கப்புகளை (நாலு கதவு, பின்னுக்குச் சாமான் பெட்டி) ஒப்பிட்ட ஒரு வீடியோவுக்குக் கீழே, கருத்துகளில் நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். நான் கேட்டது ஒன்றுதான்: ஓட்டுகிறவரின் சீற் எப்படி? அதற்கு, "அண்ணைக்கு வயசு போட்டுது, இனி ஓட்டோதான் சரி" என்று ஒரு தம்பி எழுத, கீழே ஒரே சிரிப்புக் குறிகள். சந்தோஷம்.

வீடியோ முழுக்கத் திரையின் அளவும் லெதரின் நிறமும்தான். ஸ்டியரிங்கை நம் பக்கம் இழுக்க முடியுமா என்று ஒரு சொல் இல்லை. 2015இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ், மிட்சுபிஷி எல்200 இரண்டிலும் உயர் ரகங்களில் இழுக்கலாம். அதே காலத்து ஃபோர்ட் ரேஞ்சரில் முடியாது. 2022 மொடலில்தான் அந்த வசதி வந்தது. பிக்கப்பில் அடிச்சட்டத்துக்கு (சேஸி) மேலே தளம் உயர்ந்திருப்பதால் கால் முன்னுக்கு நீளும், தொடைக்குத் தாங்கல் குறையும். உயரமான ஆள் சீற்றைப் பின்னுக்குத் தள்ளினால் ஸ்டியரிங் எட்டாது. முழுப் பாரமும் இடுப்பில், நாரியில்.

"வேலை வாகனத்துக்குச் சோபாவா?" என்பார்கள். வேலை வாகனம் என்றபடியால்தான் ஐயா கேட்கிறேன்! சுற்றுலா போகிறவர் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, வவுனியாவில் தேநீர் குடித்து ஆறுதலாகப் போவார். வெங்காயம் ஏற்றி ஏ9 வீதியில் தம்புள்ளைச் சந்தைக்கு ஓடுகிறவனுக்கு அது முடியுமா? வெறும் பெட்டியோடு திரும்பும்போது பின் வில்லுத்தகடு தூக்கித் தூக்கிப் போடும். செக்கனுக்கு 4 முதல் 8 தடவை வருகிற அதிர்வுதான் உட்கார்ந்திருப்பவரின் முள்ளந்தண்டை அதிகம் ஆட்டும்.

"டொயோட்டா விற்றாலும் விலை நிற்கும்." சரி, நிற்கும். நாரியை எங்கே விற்பது?

முன்பு நான் ஓடிய வாகனத்தின் சீற் குழிந்து கம்பி குத்தும். சால்வையை மடித்து முதுகுக்கு வைத்துத்தான் ஓடினேன். குஷன் வேலைக்குக் கேட்டபோது முதலாளி "பாப்பம்" என்றார். பிறகு அலோய் ரிம் வந்தது, முன்னுக்குப் பெரிய கம்பி வந்தது, கண்ணாடியில் "வைரவர் துணை" வந்தது. குஷன் வரவில்லை. அவர் இடப்பக்கம் சாய்ந்து நித்திரை கொண்டு வருகிறவர், அவருக்கென்ன?

டிரைவரையும் வாகனத்தோடு வந்த உதிரிப்பாகமாகத்தான் நினைக்கிறீர்கள். கலியாண வீட்டுக்கு ஹயர் போனால், டிரைவர் சாப்பிட்டாரா என்று கேட்க அங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்? இதைச் சொன்னால் புலம்பல் என்பவர்கள் தாராளமாக என்னை அன்ஃப்ரெண்ட் பண்ணலாம்.