கன்டெய்னர் மிச்சப்படுத்தியது துறைமுகத்தில்

"கன்டெய்னர் வந்தபின் கப்பல்கள் வேகமாக ஓடியதால்தான் சரக்குக் கட்டணம் சரிந்தது" என்று சொல்லியிருக்கிறீர்கள். சரிந்தது உண்மை, காரணம்தான் தவறு. 1956 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 கன்டெய்னர்களோடு, அதாவது சரக்கை அடைத்த பெரிய உலோகப் பெட்டிகளோடு, கிளம்பிய ஐடியல் எக்ஸ் ஒரு பழைய எண்ணெய்க் கப்பல், வேகத்துக்குப் பேர்போனதல்ல. மிச்சமானது துறைமுகத்தில். அதுவரை மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி என ஒவ்வொன்றையும் ஆட்கள் கையாண்டு, கப்பலின் வயிற்றுக்குள் இண்டு இடுக்கு பார்த்து அடுக்க வேண்டும். கப்பல் நாள்கணக்கில் சும்மா நிற்கும். நடுவில் திருட்டு வேறு. அப்படி ஒரு டன் ஏற்ற அப்போது 5.86 டாலர் ஆனது, பெட்டியை அப்படியே கிரேனால் தூக்கி வைத்த ஐடியல் எக்ஸில் 16 சென்ட்டுக்கும் குறைவு. அப்புறம் வேகம்: 2008க்குப் பின் எரிபொருள் செலவைக் குறைக்க கன்டெய்னர் கப்பல்கள் வேண்டுமென்றே மெதுவாக ஓட ஆரம்பித்தன.