உள்ளே விட்ட ஓரங்குலத் துணி

ஷாக்கோ தொப்பி போனதற்காக நான் அழமாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ட்ரம் கோர் சீருடைகளைப் பற்றி யார் வாய் திறந்தாலும் அந்த உயரத் தொப்பிக்காகவும் அதன் உச்சியில் ஆடும் இறகுக்காகவும் ஒப்பாரி வைக்க ஒரு கூட்டம் வந்துவிடுகிறது. என் ஒப்பாரி வேறு.

ட்ரம் கோர் என்றால் என்னவென்று தெரியாத நண்பர்களுக்காகக் கொஞ்சம். இது அமெரிக்காவின் கோடைக்கால வெறி. இருபத்தோரு வயது வரையிலான பிள்ளைகள், ஒரு குழுவுக்கு 165 பேர் வரை. பித்தளைக் கருவிகள், தாளக் கருவிகள், கொடியும் மரத்துப்பாக்கியும் சுழற்றும் கலர் கார்டு. இரவில் பஸ் பயணம், பள்ளிகளின் ஜிம் தரையில் தூக்கம், பகலெல்லாம் வெயிலில் ஒத்திகை, மாலையில் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் போட்டி. ஆகஸ்டில் இண்டியானாபொலிஸின் லூக்காஸ் ஆயில் அரங்கில் இறுதிச் சுற்று. இதற்குப் பிள்ளைகளே சில ஆயிரம் டாலர் கட்டணமும் செலுத்துகிறார்கள். எங்கள் சொந்தக்காரர்களிடம் இதை விளக்கிப் புரியவைக்க என்னால் இன்றுவரை முடியவில்லை. "காசும் கொடுத்துத் தரையிலும் படுக்கிறாளா?" என்று மதுரையிலிருந்து என் அத்தை கேட்டதற்குப் பதில் இல்லை.

என் மகள் மெல்லோஃபோன் என்ற பித்தளை ஊதுகருவி வாசிக்கிறாள். நான் அவளுடைய குழுவில் இரண்டு கோடைகளாகத் தையல் வேலைக்குத் தன்னார்வலராகப் போகிறேன். சமையல் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம், இரண்டு மெஷின், ஒரு பெட்டி நிறைய நூல்கண்டு. பிள்ளைகள் கிழித்துக்கொண்டு வருவார்கள், நான் தைத்துக்கொடுப்பேன். மேலே இருந்து பார்க்கிறவர்கள் வண்ணத்தையும் வடிவத்தையும் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது உட்புறத்தை. ஆகவே என் கருத்தும் உட்புறத்திலிருந்துதான் வரும்.

சென்ற ஆண்டு சரக்கு வண்டியின் மூலையில் பழைய சட்டைகள் கிடந்த ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கனத்த கம்பளித் துணி, தோளில் பஞ்சு, நெஞ்சின் குறுக்கே வார்ப்பட்டை. ஒன்றைப் புரட்டினால் லைனிங்கில் பேனாவால் பெயர்கள் எழுதியிருந்தன. ஒன்றன் கீழ் ஒன்றாக ஒன்பது பெயர்கள், ஒன்பது கையெழுத்துகள். ஒருவர் கழற்றியதை அடுத்தவர் போட்டிருக்கிறார். கையின் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டங்குலத் துணி உள்ளே மடித்து விடப்பட்டிருந்தது. பக்கத் தையலிலும் அப்படியே. குள்ளமான பிள்ளைக்குப் பிடித்து, உயரமான பிள்ளைக்கு இறக்கி, மறுபடியும் பிடித்து, பழைய தையல் தடங்கள் கம்பளியில் கோடு கோடாகத் தெரிந்தன. ஆறாம் வகுப்பில் வாங்கிய பாவாடையை எட்டாம் வகுப்பு வரை இறக்கி இறக்கிப் போட்டவள் நான். அம்மா ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு மடிப்பைப் பிரிப்பார். பிரித்த இடத்தில் மட்டும் நீலம் புதிதாக இருக்கும். அந்தக் கோடுகளை அமெரிக்காவில் ஒரு லாரிக்குள் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

அந்தச் சட்டைகள் வந்த வழி ராணுவ வழி. போர் முடிந்து திரும்பிய வீரர்களின் சங்கங்கள்தான் ஊர் ஊராக இந்தக் குழுக்களை வளர்த்தன. அந்தக் காலத்துப் போட்டியில் வாசிப்பதற்கு முன்பே பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஷூவின் பளபளப்பையும் பட்டனையும் சோதிப்பார்கள். அதற்கும் மதிப்பெண் உண்டு. வாசிக்கும்போது நடுவர்கள் அட்டையுடன் கூடவே நடந்து, ஒவ்வொரு தவறுக்கும் பத்தில் ஒரு மதிப்பெண்ணை வெட்டுவார்கள். 1984ஆம் ஆண்டுப் பருவத்தில்தான் அந்த வெட்டும் முறை ஒழிந்தது. தவறு செய்யாதே என்று சொல்லும் போட்டிக்குத் தவறை மறைக்கும் சட்டை பொருத்தம். பஞ்சு வைத்த தோள் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அகலமாக்கும். நெஞ்சு வரை ஏறும் கால்சட்டை எல்லாக் கால்களையும் ஒரே நீளமாகக் காட்டும். தொப்பி முகத்தையே மறைத்துவிடும்.

இன்றைய மதிப்பெண் தாளில் நூற்றுக்கு நாற்பது மொத்தத் தாக்கத்துக்கு. பார்ப்பவர் மனதில் என்ன நடந்தது என்பதற்குத்தான் பெரிய பங்கு. டிரம்பெட் வாசிக்கும் பையன் தரையில் உருள வேண்டும், எழுந்து ஓட வேண்டும், ஒரு காலைத் தூக்கியபடி நீண்ட சுரம் பிடிக்க வேண்டும். கம்பளிச் சட்டையில் அது நடக்காது. ஜூலை மாதத்து டெக்சாஸ் வெயிலில் அதைப் போட்டு நிற்பதே தண்டனை. பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு கஷ்டம்: அந்த வெட்டு ஆண் உடம்புக்கானது. என்ன பிடித்துக்கொடுத்தாலும் எங்கேயோ தூக்கும். அதனால்தான் தொப்பிக்கு அழமாட்டேன் என்றேன்.

மாற்றத்தை நியாயப்படுத்த ஒரே ஒரு நிகழ்ச்சி போதும். 2016இல் ஓஹையோவின் கேன்டன் நகரத்து புளூகோட்ஸ் குழு, ஊர்க் காவல்துறையினர் 1972இல் தொடங்கிய குழு, பெயரிலேயே நீலச் சட்டையைச் சுமக்கும் குழு, 'டவுன் சைட் அப்' என்ற நிகழ்ச்சியுடன் வந்தது. தலையில் தொப்பி இல்லை. வெளிறிய மெல்லிய உடை. மைதானத்தில் வைத்த சரிவுகளில் பிள்ளைகள் ஏறுகிறார்கள், சறுக்கி இறங்குகிறார்கள். முகம் தெரிகிறது, சிரிப்பு தெரிகிறது. அவர்களுக்கு முதல் சாம்பியன் பட்டமும் அந்த ஆண்டுதான் கிடைத்தது. அந்த உடை நிகழ்ச்சிக்குள்ளிருந்தே பிறந்தது. அதற்குப் பிறகு தொப்பியைக் கழற்றிய குழுக்களை எண்ணி முடியாது. அவர்களில் எத்தனை பேருக்கு அதற்குக் காரணம் இருந்தது என்பது வேறு கேள்வி.

இப்போது என் கூடாரத்துக்கு வாருங்கள். இன்றைய உடை பெரும்பாலும் இழுபடும் பாலியெஸ்டர். வடிவத்தைக் கணினியில் வரைந்து தாளில் அச்சிடுவார்கள். சூடு கொடுத்தால் சாயம் ஆவியாகி வெள்ளைத் துணிக்குள் இறங்கிவிடும். எந்த வண்ணமும், எந்த ஓவியமும் வரும், துணியின் கனமும் ஏறாது. அற்புதமான தொழில்நுட்பம்தான். ஆனால் முன்பக்கத்தில் அச்சிட்ட அலை பின்பக்கத்து அலையோடு பக்கத் தையலில் சேர வேண்டும் என்பதால் நான் அரை அங்குலம் பிடித்தாலும் அலை உடைந்துவிடும். பெரிதாக்கலாம் என்றால் உள்ளே துணியே கிடையாது. தையலை ஒட்டி வெட்டி ஓரம் அடித்துவிடுகிறார்கள். ஜூனில் அளவெடுத்த பிள்ளை ஜூலையில் வெயிலில் ஓடி ஓடி ஏழு கிலோ இளைத்து நிற்கிறான். என்னால் செய்ய முடிந்தது முதுகில் நான்கு ஊக்கு. சென்ற கோடையில் ஒரே இரவில் பதினெட்டு ஜிப்களை மாற்றினோம். தைத்துக் கொடுத்த நிறுவனத்தைக் கேட்டால், இது ஒரு பருவத்துக்கான உடைதானே என்று பதில் வந்தது.

அந்த "ஒரு பருவத்துக்கு" என்ற சொல்லில்தான் என் கோபம் முழுவதும் இருக்கிறது. ஆகஸ்டில் இறுதிச் சுற்று முடிந்ததும் அந்த உடைக்கு வாழ்வு முடிந்தது. அடுத்த ஆண்டு கதை வேறு, வண்ணம் வேறு. மறுபடியும் ஒவ்வொரு பிள்ளைக்கும் புது உடை, அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம். ஆண்டுக்கொரு உடை என்பது கலர் கார்டில் எப்போதோ வந்துவிட்ட பழக்கம். அவர்கள் சிலர், அது நடனம், பொருந்தியது. குழு முழுவதும் அப்படி மாறியபோது கணக்கு மாறியது.

இன்னொரு இழப்பும் உண்டு. லூக்காஸ் ஆயில் அரங்கின் மேல் தளத்தில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தேன். பன்னிரண்டு குழுக்களில் பாதியை அறிவிப்பு இல்லாமல் என்னால் அடையாளம் காண முடியவில்லை. 1934இல் நியூ ஜெர்சியின் ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தில் தொடங்கிய கேடட்ஸ், பத்து முறை சாம்பியன், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரிச் சாயலில் அந்த மெரூன் சட்டையுடன் நுழைந்தால் கடைசி வரிசைக்கும் தெரியும் என்பார்கள். அந்தக் குழுவே 2024இல் மூடப்பட்டுவிட்டது. சட்டை இருந்திருந்தால் குழு பிழைத்திருக்கும் என்று சொல்ல நான் பைத்தியம் இல்லை. ஆனால் இறுதிச் சுற்று நாளில் அந்தப் பழைய சட்டையோடு வந்த நரைத்த மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். அச்சடித்த பாலியெஸ்டரை முப்பது ஆண்டு கழித்து யார் போட்டுக்கொண்டு வருவார்கள்?

உடையை மாற்றிக்கொண்டே அடையாளத்தையும் காக்க முடியாது என்பவர்களுக்கு வயோமிங்கின் காஸ்பர் நகரத்து ட்ரூப்பர்ஸைக் காட்டுவேன். 1957இல் தொடங்கியபோது பதினோராம் ஓஹையோ குதிரைப்படையின் உடையைத் தழுவிக்கொண்டார்கள். வெட்டு மாறியிருக்கிறது, துணி மாறியிருக்கிறது. குதிரைப்படைச் சாயலை மட்டும் அவர்கள் கைவிடவில்லை. மேல் தளத்திலிருந்து எனக்குக்கூடத் தெரிந்தது.

அடுத்த ஆண்டு உடைக்கான ஆலோசனை நடக்கிறது. தன்னார்வலர்களுக்கு அங்கே பேச்சுரிமை கிடையாது, காப்பி கொடுக்கும் உரிமை உண்டு. காப்பி கொடுத்தபடியே வடிவமைப்பாளரிடம் கேட்டேன்: கால்சட்டையையாவது ஒரே நிறமாக வைத்து, ஓரங்குலத் துணி உள்ளே விட்டுத் தைக்கச் சொல்ல முடியுமா, மூன்று ஆண்டாவது ஓட்டிக் காட்டுகிறேன். நல்ல பையன், முப்பது வயதுகூட இருக்காது. ஓரங்குலம் எதற்கு என்று கேட்டான். டிரங்குப் பெட்டியிலிருந்த அந்தச் சட்டையைக் கொண்டுவந்து கையைப் பிரித்துக் காட்டினேன். லைனிங்கைப் புரட்டிப் பெயர்களைப் படித்தவன் ஆறாவது பெயரில் நின்றுவிட்டான். அது அவனுக்கு மெல்லோஃபோன் கற்றுக்கொடுத்த ஆசிரியருடையதாம்.

கால்சட்டையைப் பற்றி இன்னும் பதில் வரவில்லை.